ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கொம்யூன்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற வழியில் ‘அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து’ என்ற பெயர்ப்பலகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்றே பழகிய தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் ‘கொம்யூன்’ கொஞ்சம் விநோதமாக இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சொல் அது. பிரான்ஸில் உள்ளாட்சியின் அடிப்படை அலகுக்கு அதுதான் பெயர். ஊர் பெரியதா சிறியதா என்பது கணக்கில்லை. ஒரு மேயர், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம், தனக்கென்று ஒரு வரவு செலவு, இந்த மூன்றும் இருந்தால் அது கொம்யூன்.

புதுச்சேரிக்கு இந்த ஏற்பாடு 1880இல் வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1872இல், மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஒரு மணல்தீவுக்கு அதே தகுதி கிடைத்துவிட்டது. அந்த ஊர் செனகல் நாட்டின் வடமூலையில் இருக்கும் சேன் லூயி. (அமெரிக்காவில் இருக்கும் செயின்ட் லூயிஸ் வேறு.) உள்ளூர்க்காரர்கள் வொலோஃப் மொழியில் அதை ‘ந்தார்’ என்கிறார்கள். புதுச்சேரிக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு ஒரு சொல்லோடு முடியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஊர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம்.

கினி நாட்டின் ஃபூட்டா ஜலோன் மலைகளில் பிறக்கும் செனகல் ஆறு, மாலி வழியாக வந்து, செனகலுக்கும் மவுரித்தானியாவுக்கும் எல்லைக்கோடாக மேற்கே ஓடுகிறது. அட்லாண்டிக் கடல் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்ததும் நேராக உள்ளே விழவேண்டியதுதானே? விழுவதில்லை. தெற்கே திரும்பி, கடலை ஒட்டியபடியே பல கிலோமீட்டர் ஓடுகிறது. காரணம், நடுவில் கிடக்கும் மெல்லிய மணல்திட்டு. வடமேற்கிலிருந்து சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலை ஓயாமல் தெற்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆறு வெளியேறப் பார்க்கும் இடத்தையெல்லாம் மணல் அடைக்க, ஆற்றின் வாய் தெற்கே தெற்கே நகர்ந்துபோகிறது. இப்படி நீண்ட மணல்திட்டுக்கு ‘லாங் த பார்பாரி’ என்று பெயர். லாங் என்றால் நாக்கு. நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர்.

சேன் லூயி மூன்று துண்டுகளாக இருக்கிறது. நடுவில், ஆற்றுக்குள், இரண்டு கிலோமீட்டர் நீளமும் முந்நூறு நானூறு மீட்டர் அகலமும் உள்ள தீவு. பழைய ஊர் அதுதான். கிழக்கே நிலப்பரப்பில் சோர் என்ற பகுதி. இன்று மக்களில் பெரும்பாலோர் வாழ்வது அங்கேதான். மேற்கே மணல்நாக்கில் மீனவர் குப்பங்கள், அவற்றில் பெயர்பெற்றது கெத் ந்தார். தீவையும் சோரையும் இணைப்பது 1897இல் திறந்த இரும்புப் பாலம், ஐந்நூறு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். டான்யூப் ஆற்றுக்குச் செய்த பாலத்தைத் தவறுதலாக இங்கே கொண்டுவந்து பொருத்திவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. சுவையான கதை, ஆனால் உண்மை இல்லை. இந்த ஊருக்கென்றே செய்த பாலம்தான்.

1659இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தீவில் கோட்டை கட்டியதற்கு இந்த மணல்தான் காரணம். முகத்துவாரத்தில் மணல்மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வழி தெரிந்த உள்ளூர்ப் படகோட்டி இல்லாமல் எந்தக் கப்பலும் உள்ளே வர முடியாது. எதிரிக் கப்பலுக்கும் அதே கதி. உள்ளே வந்துவிட்டாலோ, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்நாடு வரை போகும் ஆறு கையில். காவலுக்குக் கடலும் வியாபாரத்துக்கு ஆறும் என்று கணக்குப் போட்டார்கள். அப்படியும் ஆங்கிலேயர்கள் இரண்டு முறை ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த ஆற்றில் என்ன வியாபாரம்? அடிமைகள் விற்கப்பட்டார்கள், அதை மறைக்க முடியாது. ஆனால் சேன் லூயியின் தனிச்சரக்கு பிசின். ஆற்றின் வடகரையில், பாலைவன ஓரத்தில் வளரும் ஒருவகை வேல மரத்திலிருந்து வடியும் பிசின். ஐரோப்பாவில் துணிக்கு அச்சுப் போடவும், கஞ்சி ஏற்றவும், மருந்துக்கும் மிட்டாய்க்கும் அது வேண்டியிருந்தது. பிசின் வைத்திருந்தவர்கள் மூர்கள் எனப்படும் பாலைவன மக்கள். பிரெஞ்சு நாணயத்தை வாங்கி அவர்கள் என்ன செய்வது? அவர்கள் கேட்டது நீலத்துணி.

இங்கேதான் புதுச்சேரி வருகிறது. ‘கினே’ என்று பிரெஞ்சில் அழைக்கப்பட்ட அந்தத் துணி, அவுரிச் சாயத்தில் தோய்த்த பருத்தித் துணி. நெய்ததும் சாயம் போட்டதும் புதுச்சேரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும். அங்கிருந்து கப்பலில் பிரான்ஸ் போய், பிரான்ஸிலிருந்து சேன் லூயி வந்து, அங்கிருந்து படகில் ஆற்றில் ஏறி, கடைசியில் சஹாரா ஓரத்தில் ஒரு மனிதரின் தலைப்பாகையாகும். 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் இந்தத் துணிதான் பணம். ஒரு துண்டு கினேவுக்கு எத்தனை எடைப் பிசின் என்று பேரம் பேசுவார்கள். கடன், சம்பளம், அன்பளிப்பு எல்லாம் துணிக்கணக்கில். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் ஆலைகளில் மலிவாகப் போலி செய்து பார்த்தார்கள். மூர்கள் மோந்தும் தடவியும் பார்த்துவிட்டு ஒதுக்கினார்கள். அசல் துணியின் சாயம் தோலில் ஒட்டி உடம்பே நீலமாகும், அதற்கென்று ஒரு வாசனையும் இருக்கும். அந்த வாசனையை இயந்திரத்தால் கொண்டுவர முடியவில்லை. 1820களின் இறுதியில் புதுச்சேரியில் முதல் துணி ஆலை எழுந்ததற்கும், இந்தத் தொலைதூரத்து வாடிக்கையாளர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. திருபுவனையிலோ வில்லியனூரிலோ அவுரித் தொட்டியில் கைவிட்ட ஒருவருக்கு, தன் துணி போய்ச்சேரும் இடத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது என்று நினைத்தால் எனக்கு ஏனோ கொஞ்சம் ஏக்கமாக இருக்கும்.

சரி, தீவில் யார் வாழ்ந்தார்கள்? வொலோஃப் மக்கள், ஆற்றின் மேல்பகுதியிலிருந்து வந்த ஃபுலானிகள், வடகரை மூர்கள், கொஞ்சம் பிரெஞ்சு வணிகர்களும் சிப்பாய்களும். வந்த பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் உள்ளூர்ப் பெண்களோடு, ஊர் வழக்கப்படி, அவர்கள் இங்கே இருக்கும் காலம் மட்டும் செல்லும் மணம் செய்துகொண்டார்கள். அந்தப் பெண்களுக்குச் ‘சிஞார்’ என்று பெயர். ‘சீமாட்டி’ என்ற பொருள் தரும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. கணவர் ஊர் திரும்பியதும் ஓரமாக உட்கார்ந்து அழுதவர்கள் அல்ல அவர்கள். வீடு, நகை, படகு, பிசின் வியாபாரம் எல்லாம் அவர்கள் கையில். அவர்களிடம் அடிமைகளும் இருந்தார்கள். 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தபோது தீவின் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அடிமைகள். இன்று சுற்றுலாப் படங்களில் சிஞார்களின் கூம்புத் தலைப்பாகையும் பட்டும்தான் தெரியும், இந்தப் பாதி தெரியாது.

அவர்கள் காலத்து வீடுகள் இன்னும் நிற்கின்றன. கீழே கிடங்கும் கடையும், மேலே குடித்தனம், நடுவில் முற்றம், தெருப்பக்கம் மரத்தால் ஆன மாடம். சுவர்களுக்குக் காவியும் மஞ்சளும் வெளிர் சிவப்பும் பூசியிருப்பார்கள். 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தத் தீவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குச் சிஞார்கள் போகும்போது முன்னால் விளக்குப் பிடித்துப் போவார்கள். அந்த வழக்கம் வளர்ந்து ‘ஃபனால்’ என்ற விளக்கு ஊர்வலமாயிற்று. வீடு, கப்பல், மசூதி வடிவில் காகித விளக்குகள் செய்து டிசம்பரில் தெருவில் கொண்டுபோவார்கள். கிறிஸ்தவப் பண்டிகையில் தொடங்கியது, இப்போது ஊரில் பெரும்பான்மையான முஸ்லிம்களின் கொண்டாட்டமும் ஆகிவிட்டது.

இனி கொம்யூனுக்குத் திரும்புவோம். 1872இல் சேன் லூயியும், செனகலின் இன்றைய தலைநகரான தாக்கர் எதிரே உள்ள கோரே தீவும் கொம்யூன் ஆயின. 1880இல் ருஃபிஸ்க், 1887இல் தாக்கர் சேர, ‘நான்கு கொம்யூன்கள்’ என்ற தொகுதி உருவானது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்கா முழுக்க மற்றவர்கள் வெறும் ‘பிரஜைகள்’, குடிமக்கள் அல்ல. வாக்கு கிடையாது, கட்டாய வேலைக்கு இழுக்கலாம், விசாரணை இல்லாமல் தண்டிக்கலாம். ஆனால் இந்த நான்கு ஊர்களில் பிறந்தவர் மேயரைத் தேர்ந்தெடுக்கலாம், பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரையும் அனுப்பலாம். பாலத்துக்கு இந்தப் பக்கம் பிறந்தால் ஒரு சட்டம், ஆற்றில் நாலு ஊர் மேலே பிறந்தால் வேறு சட்டம்!

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வாக்குரிமை இருந்தாலும் இவர்கள் முழுக் குடிமக்களா என்பது தெளிவாக இல்லை. திருமணம், வாரிசு, சொத்துப் பங்கீடு ஆகியவற்றில் இவர்கள் இஸ்லாமிய முறையைக் கைவிடவில்லை. பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரவேண்டுமானால் சொந்தக் குலச் சட்டத்தைத் துறக்கவேண்டும் என்பது காலனி அதிகாரிகளின் வாதம். புதுச்சேரி வரலாறு தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். 1881 ஆணைப்படி அங்கே பலர் தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ ஆனது அப்படித்தான். நான்கு கொம்யூன்காரர்கள் எதையும் துறக்காமலேயே உரிமை கேட்டார்கள்.

கேட்டு வாங்கியும் விட்டார்கள். கோரேயில் பிறந்த பிளேஸ் தியாஞ் 1914 தேர்தலில் வென்று, பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆனார். அந்த ஆண்டே உலகப் போர் மூண்டது. பிரான்ஸுக்கு ஆள் தேவை. எங்கள் ஊர்க்காரர்கள் படைக்கு வருவார்கள், ஆனால் குடிமக்களாகத்தான் வருவார்கள் என்று தியாஞ் நின்றார். 1916இல் வந்த சட்டம், நான்கு கொம்யூன்களில் பிறந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் பிரெஞ்சுக் குடிமக்களே, படைச்சேவைக்கும் உட்பட்டவர்களே என்று ஒரே வாக்கியத்தில் முடித்தது. உரிமையின் விலை உயிராக இருந்தது என்றாலும், ஓர் ஊராட்சி அமைப்பு இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று 1872இல் கையெழுத்துப் போட்டவர் நினைத்திருக்க மாட்டார்.

இன்று செனகலில் கொம்யூன் என்பது சிறப்புச் சலுகை இல்லை. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கொம்யூன்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் மேயரும் மன்றமும். சேன் லூயியின் மகுடமும் இறங்கிவிட்டது. 1895 முதல் 1902 வரை பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் இதுதான் தலைநகர். அப்புறம் அந்தப் பெருமை தாக்கருக்குப் போயிற்று. 1957இல் செனகலின் தலைநகர் என்ற பெயரும் போயிற்று. ஆள்நடமாட்டம் குறைந்ததால்தான் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின என்பது என் எண்ணம். ஊரின் நடுச் சதுக்கத்தில் நின்ற ஃபெதெர்ப் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆளுநரின் சிலையை 2020இல் அகற்றினார்கள். சதுக்கத்துக்கு இப்போது ‘பாயா ந்தார்’ என்று பெயர்.

ஆளுநர் மாளிகை அந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறது. 1895 செப்டம்பர் 5ஆம் தேதி, முரீது சூஃபி வழியை நிறுவிய ஷேக் அமது பம்பாவை அங்கே விசாரணைக்குக் கொண்டுவந்தார்கள். அதிகாரிகள் சூழ நிற்க, அவர் இரண்டு ரக்அத் (ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று) தொழுதார் என்பது பக்தர்கள் வழங்கும் செய்தி. தண்டனையாக அவரைக் காபோனுக்கு நாடுகடத்தினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது முன்பைவிடப் பெரிய மனிதராக வந்தார். இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று வெள்ளை அங்கி அணிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடி அதே இரண்டு ரக்அத் தொழுகிறார்கள். அதே ஊரில், குழந்தை பிறந்தால் ஆற்றில் வாழும் ‘மாம் கும்பா பாங்’ என்ற நீர்த்தேவதைக்குப் பால் ஊற்றும் குடும்பங்களும் உண்டு. நம் ஊரில் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்துவிட்டுப் பெரிய கோயிலுக்கும் போகிறவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் சேன் லூயிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். செனகலின் தேசிய உணவான ‘செபு ஜென்’ பிறந்தது இங்கே, பெண்டா ம்பாய் என்ற சமையல்காரப் பெண்மணி கையில் என்று நாடே சொல்கிறது. செப் என்றால் சோறு, ஜென் என்றால் மீன். களவா இன மீனைத் துண்டு போட்டு, கீறிய இடத்தில் பூண்டும் மிளகாயும் கொத்துமல்லி போன்ற ஒரு தழையும் இடித்து அடைத்து, எண்ணெயில் பொரிப்பார்கள். அந்த எண்ணெயிலேயே தக்காளி விழுது போட்டு, மரவள்ளி, கேரட், முட்டைக்கோஸ், கத்திரிக்காய் வேகவைத்து எடுத்து, அந்தச் சாற்றில் சோறு வடிக்காமல் வேகும். மணத்துக்கு ‘கெஜ்’ என்ற ஒருவகைக் கருவாடு, பக்கத்தில் கொஞ்சம் புளி. வேடிக்கை அரிசியில் இருக்கிறது. அவர்கள் விரும்புவது நொய். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இந்தோசீனக் காலனியில் அரைத்து மிஞ்சிய நொய்யரிசியைக் கப்பலில் இங்கே கொண்டுவந்து தள்ளினார்கள். ஒதுக்கிய பண்டத்தை வாங்கி, அதைத் தவிர வேறு அரிசி இதற்குச் சரிவராது என்று சொல்லும் அளவுக்கு ஆக்கிவிட்டார்கள் இந்த ஊர்ப் பெண்கள். 2021இல் யுனெஸ்கோ இந்தச் சமையலையும் ஒரு பட்டியலில் சேர்த்தது. பெரிய வட்டத்தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடவேண்டும். நடுவில் இருக்கும் மீனை வீட்டுக்காரி பிட்டுப் பிட்டு உங்கள் பக்கம் தள்ளுவார். அடிப்பிடித்த சோற்றுக்குத் தனிப் போட்டி.

அந்த மீன் வருவது கெத் ந்தாரிலிருந்து. வணிகக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்க, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வரும். அதனால்தான் இந்தக் கடலில் இவ்வளவு மீன். ‘பிரோக்’ எனப்படும் நீண்ட மரப் படகுகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வண்ணம் தீட்டி, குடும்பப் பெயரும் ஞானிகளின் பெயரும் எழுதுவார்கள். ஆண்கள் கடலுக்கு, பெண்கள் கரையில் மீனை வாங்கி, உலர்த்தி, புகைபோட்டு விற்பார்கள். பணம் புழங்குவது பெண்கள் கையில். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள மணலில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். கடலோரக் கல்லறையில் மீனவர்களின் சமாதிமேல் மீன்வலையைப் போர்த்தியிருப்பார்கள்.

2003 அக்டோபரில் ஆற்றில் வெள்ளம். தீவு மூழ்கிவிடும் போல இருந்தது. வாய் வெகு தெற்கே இருந்ததால் தண்ணீர் வடியவில்லை. அவசரமாக ஊருக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டர் தொலைவில், மணல்நாக்கின் குறுக்கே நான்கு மீட்டர் அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வெள்ளம் மளமளவென்று இறங்கியது. ஊர் தப்பியது. ஆனால் வாய்க்கால் நான்கு மீட்டரோடு நிற்கவில்லை. சில நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர், சில ஆண்டுகளில் கிலோமீட்டர் கணக்கு. பழைய முகத்துவாரம் தூர்ந்துபோய், வெட்டிய இடமே புதிய முகத்துவாரம் ஆனது. கடல் நேரே உள்ளே வந்தது. தூன் பாபா தியே என்ற தீவுக் கிராமம் இருந்த இடம் இன்று தண்ணீர். தோட்டங்களின் கிணறு உவர்ந்தது. புதிய வாயில் அலை எந்தப் பக்கம் உடையும் என்று கணிக்க முடியாமல் படகுகள் கவிழ்ந்து பல மீனவர்கள் இறந்தார்கள். மணல் தெற்கே நகரும், ஆறு இடம் தேடும் என்ற அந்தப் பழைய கணக்கை ஒரே இரவில் மாற்றப் பார்த்ததன் விளைவு இது. ஆனாலும், தீவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த அந்த ராத்திரியில் முடிவெடுத்தவர்களை இன்று உட்கார்ந்துகொண்டு குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கெத் ந்தாரையும் கடல் விடவில்லை. 2017, 2018 கொந்தளிப்புகளில் முன்வரிசை வீடுகள் இடிந்து விழுந்தன. கரைக்குக் கல்சுவர் போட்டார்கள். மீனும் குறைந்துவருகிறது. கடலுக்குள் சில கிலோமீட்டர் தூரத்தில் எரிவாயுத் திட்டம் ஒன்று எழுந்து, 2025இல் ஏற்றுமதியும் தொடங்கிவிட்டது. அதைச் சுற்றி வலை போட முடியாது. தலைமுறையாக மீன் பிடித்த தியாத்தாரா என்ற பார் (கடலடிப் பாறைத்திட்டு) அங்கேதான் இருக்கிறது என்பது மீனவர்களின் குறை. இளைஞர்கள் சிலர் அதே பிரோக்கில் ஸ்பெயினின் கனாரித் தீவுகளை நோக்கிப் புறப்படுகிறார்கள். ‘பார்சா வாலா பார்சக்’ என்பார்கள். பார்சிலோனா, இல்லாவிட்டால் மறுமை.

வீடு இழந்தவர்களுக்கு உலக வங்கி நிதியில் தியூகோப் என்ற இடத்தில் புதிய குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, சோருக்கும் அப்பால். விடியும் முன் எழுந்து, பேருந்து பிடித்து, இரண்டு பாலம் தாண்டி, படகு நிற்கும் கரைக்கு வருகிறார்கள். மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தக் குடியிருப்பு இருப்பது பக்கத்துக் கொம்யூனான காந்தோனில்.